மைனஸ் ஐம்பத்தெட்டு

அக்காவின் புருஷனை எதிர்த்தரப்பு ஆளாக நாற்காலி போட்டு உட்காரவைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டிவரும் என்று சின்னவள் கனவிலும் நினைத்ததில்லை. சின்னவள் என்பது வீட்டுப் பெயர். ஒருநாள் அத்தான் ஆய்வக வாசலில் வந்து நின்று, "எங்க சின்னவ இருக்காளா?" என்று கேட்டுத் தொலைத்தார். அன்றிலிருந்து அங்கேயும் அதுவே ஒட்டிக்கொண்டது. அதெல்லாம் நல்ல காலத்துக் கதை.

சிகரெட் புகையில் ஆவியாகப் பறக்கிற நச்சு வாயுக்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து சொல்வதுதான் அந்த ஆய்வகத்தின் பிழைப்பு. பத்து சிகரெட்டை ஒரே நேரத்தில் கவ்விக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, இழுப்புக்கு இரண்டு வினாடி என்று கணக்காகப் புகைக்கும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. பத்துவாயன் என்று பெயர். "இத்தனை வருஷமா ஊதறான், ஒரு இருமல் உண்டா பாரு" என்று புதிதாக வருகிறவர்களிடம் எல்லாரும் சொல்கிற ஒரே ஜோக்கும் அதுதான். ஏழு வருஷமாக அதை ஓட்டுகிறவள் சின்னவள்.

அத்தான் சிகரெட் கம்பெனியில் ஃபில்டர் பிரிவு வேதியியலர். கரித்துகள் வைத்த ஒரு ஃபில்டருக்காக ஆறு வருஷம் உழைத்தவர். அதை நம்பித்தான் கம்பெனி பாக்கெட் மேல் அச்சடித்திருந்தது, ஒரு சிகரெட்டுக்கு பியூட்டாடையீன் இருபது மைக்ரோகிராமைத் தாண்டாது என்று. பியூட்டாடையீன் என்பது புகையில் இருக்கும் வாயுக்களில் பொல்லாத ஒன்று. ரத்தப் புற்றுநோய்க்கு வழி விடுவது. பாக்கெட்டில் போட்டிருப்பது உண்மைதானா என்று யாரோ புகார் கொடுக்க, கட்டுப்பாட்டு அலுவலகம் பரிசோதனைக்கு உத்தரவு போட்டது. கடைகளிலிருந்து வாங்கின பாக்கெட்டுகள் சீல் வைக்கப்பட்டு வந்தன. கூட நின்று பார்க்க கம்பெனி ஒரு ஆளை அனுப்பலாம் என்பது விதி. கம்பெனி அத்தானை அனுப்பியது.

சின்னவள் நேரே தலைமை ஆய்வாளரிடம் போய்ச் சொன்னாள். அந்த அம்மாளுக்கு முதுகுக்குப் பின்னால் தராசு என்று பெயர். எந்தப் பக்கமும் சாயாதவர், சிரிப்பதிலும் கூட.

"உறவுன்னு எழுதிக் குடு. அந்த மெஷினை ஓட்டத் தெரிஞ்ச இன்னொருத்தர் கையில மாவுக்கட்டு போட்டுக்கிட்டு வீட்ல இருக்கார். கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லைன்னா நீயே செய்."

கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை. மறுநாளே கடிதம் வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வந்ததுதான் சின்னவளுக்கு முள்ளாகக் குத்தியது.

*

அப்பா போன பிறகு நாலு வருஷம் அக்கா வீட்டில் இருந்துதான் அவள் கல்லூரி முடித்தாள். பரீட்சை நாட்களில் பைக்கில் கொண்டுபோய் விட்டதெல்லாம் அத்தான்தான். இப்போது அவர் மூன்றடி தள்ளி, மடியில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டுக்குள் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். காலையில் வந்ததும் "வணக்கம்" என்றார். அவளிடம் அவர் வணக்கம் சொன்னது அதுதான் முதல் தடவை.

வேலை இதுதான். பத்துவாயன் இழுக்கும் புகை முதலில் ஒரு வெள்ளை வட்டத்தாள் வழியாகப் போகும். தார் அங்கே தங்கிவிடும். வாயு மட்டும் குழாய் வழியாக வந்து, மெத்தனால் ஊற்றிய இரண்டு கண்ணாடிக் குப்பிகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் குமிழியிடும். பியூட்டாடையீன் சும்மா வந்து உட்காரும் சாதி இல்லை, பிடி கொடுக்காமல் பறந்துவிடும். அதனால் குப்பிகளை டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயுக் கட்டிகள், போட்ட தொட்டியில் வைத்து, மைனஸ் எழுபதுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். தொட்டியில் ஒரு வெப்பமானி. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். டிரை ஐஸ் குறையக் குறைய அள்ளிப் போட வேண்டும். மொத்தம் நாற்பது சிகரெட், நாலு சுற்று.

முதல் இரண்டு சுற்று பிசகில்லாமல் போயின. மைனஸ் எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு. மூன்றாவது சுற்றில் ஏழாவது வாயில் இருந்த சிகரெட் அணைந்துவிட்டது. அதைத் திரும்பப் பற்றவைத்து, எத்தனையாவது இழுப்பில் அணைந்தது என்று குறித்து, பக்கத்து வாயில் சாம்பல் உதிராமல் பார்த்து, கையும் கண்ணும் அங்கேயே இருந்துவிட்டன. கடிகாரம் கீச்சென்றது. சின்னவள் பேனாவை எடுத்து மைனஸ் எழுபத்திரண்டு என்று எழுதினாள். எழுதிவிட்டுத்தான் வெப்பமானியைப் பார்த்தாள்.

மைனஸ் ஐம்பத்தெட்டு.

தொட்டியில் டிரை ஐஸ் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. வாளியிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டாள். வெள்ளைப் புகை பொங்கி மேஜை மேல் வழிந்தது. மூன்று நிமிஷத்தில் எழுபதைத் தொட்டது. எவ்வளவு நேரமாக ஐம்பதுகளில் கிடந்ததோ, அதற்குள் எவ்வளவு வாயு தப்பிப் போனதோ, யாருக்கும் தெரியாது.

தலையை நிமிர்த்தினாள். அத்தான் வெப்பமானியைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது சுற்றும் முடிந்தது. குப்பிகளை மூடி, அளக்கும் கருவியில் வைத்துவிட்டு அவள் நடைபாதைக்கு வந்தபோது, தண்ணீர் எந்திரத்துக்குப் பக்கத்தில் அத்தான் காகிதக் கோப்பையோடு நின்றிருந்தார். இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"நான் எதையும் பாக்கல," என்றார் தாழ்ந்த குரலில். "நீயும் பாக்கல. வர்ற நம்பர் வரட்டும்."

"அத்தான், தொட்டி சூடாயிடுச்சி."

"ஆச்சு. உடனே சரி பண்ணிட்டே. ஆனா நீ பாக்காம எழுதினது இருக்கே, அதை யாரு சரி பண்றது? அது வெளிய வந்தா இந்த ஒரு டெஸ்ட் மட்டும் போகாது. ஏழு வருஷமா நீ எழுதினது அத்தனையும் இவ பாத்து எழுதினாளா, பாக்காம எழுதினாளான்னு கேப்பாங்க. யோசிச்சுப் பாரு."

அவர் சொன்னது மிரட்டலா அக்கறையா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். கோப்பையைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

*

கருவி எண்ணைத் துப்புவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் சின்னவள் ஒரே வேண்டுதலாக இருந்தாள். எண் அறுபது, எழுபது என்று எங்கேயோ மேலே வரட்டும். அப்படி வந்தால் கொஞ்சம் தப்பிப் போனதில் பெரிய வித்தியாசம் இல்லை, கம்பெனி எப்படியும் தோற்கும், தாளில் இருக்கும் பொய் ஒரு மூலையில் கிடந்து மக்கிப் போகும். அல்லது ஐந்து, ஆறு என்று வரட்டும். அத்தான் ஃபில்டர் அவ்வளவு நல்லதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பதினெட்டு புள்ளி ஆறு வந்தது.

இருபதுக்குக் கீழே, மயிரிழையில். முதல் குப்பி என்ன சொல்கிறது, இரண்டாவது என்ன சொல்கிறது என்று தனித்தனியாகப் பார்த்தாள். முதல் குப்பியிலேயே எல்லாம் அடங்கிவிட வேண்டும். இரண்டாவது காவலுக்கு. வழக்கமாக அதில் ஒன்றுமே இருக்காது. இன்றைக்கு அதில் மூன்று மைக்ரோகிராம் இருந்தது. முதல் வாசலைத் தாண்டி வந்த திருடன் இரண்டாவது வாசலையும் தாண்டாமலா இருந்திருப்பான்?

அறிக்கையில் கூட்டுத்தொகை மட்டும்தான் கேட்பார்கள். குப்பிவாரியாக யாரும் கேட்க மாட்டார்கள். தாளில் எல்லாமே எழுபத்திரண்டு. கையெழுத்துப் போட்டால் அத்தானுக்குப் பதவி உயர்வு, அவளுக்கு வேலை, அக்காவுக்கு நிம்மதி. கெடுதல் அடைகிறவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. அந்தப் பாக்கெட்டை வாங்கி, அச்சடித்த எண்ணைப் படித்து, 'பரவால்ல, இது கொஞ்சம் கம்மி' என்று இன்னொன்று பற்றவைக்கிறவன் எங்கோ ஒரு கடை வாசலில் நிற்கிறான். அவன் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

தாளை எடுத்துக்கொண்டு தராசின் அறைக்குப் போனாள்.

"மேடம், மூணாவது சுத்துல தொட்டி மைனஸ் அம்பத்தெட்டுக்குப் போயிடுச்சி. நான் பாக்காம எழுபத்திரண்டுன்னு எழுதிட்டேன். எழுதினதுக்கு அப்புறம்தான் பாத்தேன்."

தராசு கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வேற எப்பவாவது இப்படிச் செஞ்சிருக்கியா?"

"இல்ல." பிறகு சின்னவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "எழுதிட்டு உடனே பாத்திருக்கேன். ரெண்டு மூணு தடவை. எப்பவும் சரியாத்தான் இருந்திருக்கு."

"அதாவது, அதிர்ஷ்டம் இருந்திருக்கு."

அத்தானைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வந்து கதவருகே நின்றார். தராசு நடந்ததைச் சொல்லி, "நீங்க இதைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அத்தான் சின்னவளைப் பார்க்கவே இல்லை. "கவனிக்கல," என்றார்.

"சரி. இன்னிக்கு எடுத்தது செல்லாது. மிச்சம் நாப்பது சிகரெட் சீலோட ஈரப்பதப் பெட்டியில இருக்கு. ஒரு டெஸ்டுக்குத்தான் வரும். நாளைக்குக் காலையில புது டிரை ஐஸ் வந்ததும் வச்சுக்கலாம். ஆனா ஓட்டப்போறது இதே கைதான். வேண்டாம்னு சொல்ல உங்க கம்பெனிக்கு உரிமை இருக்கு. வேண்டாம்னா வேற ஆய்வகத்துக்கு அனுப்பி வரிசையில நிக்கணும், ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் பாக்கெட் இப்ப இருக்கிற மாதிரியே கடையில இருக்கும். காலையில பதில் சொல்லுங்க."

ஆறு மாசம் என்ற வார்த்தை அறையில் தொங்கிக்கொண்டு நின்றது. கம்பெனிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

*

சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்துக்கு அக்கா வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அஞ்சு நிமிஷம் ஐஸ் கரைஞ்சா உலகம் முங்கிடுமாடி?"

"அது கரையாதுக்கா. அப்படியே ஆவியாப் போயிடும்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அக்கா முறைத்த முறைப்பில் சின்னவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். அந்த மனுஷன் ஆறு வருஷம் ராப்பகலா அந்தக் கரியைக் கட்டிக்கிட்டு அழுதார். சட்டையைத் துவைச்சா தண்ணி கறுப்பாத்தான் போகும். இந்த ஒரு கையெழுத்து வந்தா அவரைப் பிரிவுத் தலைவரா போடறதா இருந்தாங்க. நீ அதுல மண்ணள்ளிப் போட்டுட்டே. உன் வேலையையும் கெடுத்துக்கிட்டே. யாருக்குடி இதனால லாபம்?"

"தெரியலக்கா."

"தெரியலையாம்." அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் கொஞ்சம் இறங்கி வேறொன்று ஏறியது. "கம்பெனி வக்கீல் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். வேண்டாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதுமாம். இவர் சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. கல்லுளிமங்கன் மாதிரி பழைய நோட்டையெல்லாம் பரப்பிக்கிட்டு உக்காந்திருக்கார். சாப்பிடக் கூப்பிட்டா, கடையில பாக்கெட் எத்தனை மாசம் கிடக்கும்னு என்னைக் கேக்கறார். எனக்கு எப்படித் தெரியும்?"

சின்னவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. கம்பெனி ஆய்வகத்தில் அத்தான் சோதித்ததெல்லாம் இயந்திரத்திலிருந்து அன்றன்றைக்கு வந்த புது சிகரெட். இங்கே சீல் வைத்து வந்ததோ கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அக்கா அதையும் பாடம் என்பாள்.

*

காலையில் டிரை ஐஸ் வண்டி வருவதற்கு முன்பே அத்தான் வந்து உட்கார்ந்திருந்தார். முகம் மழிக்கவில்லை. தராசு உள்ளே வந்ததும் எழுந்து நின்றார்.

"டெஸ்ட் நடக்கட்டும். இவளே செய்யட்டும். ஆனா வெப்பமானியை நான் வாய்விட்டுப் படிப்பேன், அவ எழுதட்டும்." பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேத்து கவனிக்கலன்னு சொன்னேன். கவனிச்சேன்," என்றார்.

"உங்க வக்கீலுக்குத் தெரியுமா?"

"தெரியும்போது தெரியட்டும். எனக்கு முதல்ல இது தெரிஞ்சாகணும்."

தராசு மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்துவாயன் முதல் இழுப்பை இழுத்தது. பத்து நெருப்புப் புள்ளிகளும் ஒன்றாகச் சிவந்து ஒன்றாக மங்கின. குப்பிகளில் குமிழி எழும்பியது. அறையில் வேறு சத்தமில்லை. சின்னவள் டிரை ஐஸ் வாளியைக் காலருகே வைத்துக்கொண்டு, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டி போட்டாள். கையுறைக்குள் விரல் மரத்தது.

கடிகாரம் கீச்சிட்டது. அத்தான் குனிந்து பார்த்தார். "மைனஸ் எழுபத்தி மூணு."

அவள் வெப்பமானியைப் பார்த்தாள், பிறகு எழுதினாள்.

"மைனஸ் எழுபத்தி ரெண்டு."

எழுதினாள். இரண்டாம் சுற்று. "எழுபத்தி நாலு." அவர் குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வறண்டுகொண்டே வந்தது. ஒவ்வொரு சரியான எண்ணும் அவருடைய தப்பிக்கும் வழி ஒன்றை அடைத்துக்கொண்டு வந்தது என்பது அறையிலிருந்த மூவருக்கும் தெரியும். மூன்றாம் சுற்றில் எழுபத்தொன்று வந்தபோது அவளுக்கு முன்னால் அவரே, "ஐஸ் போடு" என்றார். பார்வையாளர் அப்படிச் சொல்லக் கூடாது. தராசு கேட்காதது போல் இருந்தார்.

நாலாம் சுற்றில் கடைசி சிகரெட் அணைந்தபோது சின்னவளின் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த ஒரு மணி நேரம். அத்தான் நடைபாதைக்குப் போகவில்லை. கருவியின் திரைக்கு முன்னால் நின்றபடியே இருந்தார். கோடு தட்டையாக ஓடிக்கொண்டே வந்து, பியூட்டாடையீன் வரவேண்டிய இடத்தில் ஊசி போல எழுந்து இறங்கியது. எவ்வளவு உயரம் என்று பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்த மாதிரிக் கோடுகளை ஆறு வருஷம் பார்த்தவர் அவர். கணக்கு முடிந்து எண் வந்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தொன்று புள்ளி இரண்டு. இரண்டாவது குப்பியில் ஒன்றுமில்லை.

"புது சிகரெட்ல பதினாறு வந்தது," என்றார் அத்தான், யாரிடமும் இல்லாமல். "நான் எடுத்த நம்பர் பொய்யில்ல. பதினாறுதான் வந்தது. கரி பாக்கெட்டுக்குள்ளயே எதை எதையோ குடிச்சு வயித்தை ரொப்பிக்கிச்சு போல. கடைக்கு வர்றதுக்குள்ள அதுல இடமில்ல."

தராசு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். அத்தான் பேனாவை வாங்கி, எங்கே போடுவது என்று தெரியாதவர் போலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாட்சி என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, வணக்கம் சொல்லாமல் போய்விட்டார்.

*

பாக்கெட்டிலிருந்து அந்த வரியை எடுக்கச் சொல்லி ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. பிரிவுத் தலைவர் நாற்காலி வேறொருவருக்குப் போனது. அத்தானுக்கு வேலை போகவில்லை, ஆனால் ஃபில்டரிலிருந்து எடுத்து மூலப்பொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். சின்னவளுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. ஆறு மாசம் பத்துவாயனைத் தொடக்கூடாது, கண்ணாடிச் சாமான் கழுவும் பிரிவு. அவள் எழுதிய பழைய தாள்களைத் தராசு தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக இரண்டாவது குப்பியின் அளவுகளோடு ஒப்பிட்டார். மூன்று வாரம் பிடித்தது. இரண்டைச் சந்தேகம் என்று ஒதுக்கி, மறுபடி செய்யச் சொன்னார். மற்றவை நின்றன.

அக்கா பேசவில்லை. போன் செய்தால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாள். அக்கா குழந்தையின் பிறந்தநாளுக்குச் சின்னவள் அனுப்பிய சட்டை அளவு சின்னது என்று அக்கம்பக்கத்தார் வழியாகச் செய்தி வந்தது. அவ்வளவுதான்.

மூன்றாவது மாதம், சின்னவள் முழங்கை வரை சோப்பு நுரையோடு குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அத்தான். கையைத் துடைத்து எடுப்பதற்குள் நின்றுவிடுமோ என்று ஈரக்கையாலேயே எடுத்தாள்.

"சாப்டியா?" என்றார்.

"ஆச்சு அத்தான்."

கிடங்கில் ஏதோ வண்டி பின்வாங்கும் சத்தம் கேட்டது.

"கிடங்குல ஒரு அலமாரி காலியா இருக்கு. மாசத்துக்கு நாலு பாக்கெட் தேதி போட்டு வச்சுக்கிட்டு வர்றேன். யாருக்கும் தெரியாது. கரி எத்தனை மாசத்துல செத்துப்போகுதுன்னு பாக்கணும். நீங்க பாக்கெட்டை ஈரப்பதப் பெட்டிக்கு முன்னாடி எந்தச் சூட்டுல வச்சிருப்பீங்க?"

"இருபத்திரெண்டு. ஒரு டிகிரி முன்னப்பின்ன."

"பாத்துதான் சொல்றியா?"

சின்னவள் நடந்துபோய், பாக்கெட் வைக்கும் அறையின் சுவரில் இருந்த வெப்பமானி முன்னால் நின்றாள். ஒரு முறை பார்த்தாள். கண்ணில் பட்ட நுரையைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள்.

"இப்ப இருபத்தி மூணு," என்றாள்.

"இரு, எழுதிக்கறேன்," என்றார் அத்தான்.